லேத் நின்ற நேரம்

கல்லூரிப் பட்டறையில் லேத் இயந்திரம் கடைந்து தள்ளிய இரும்புத் துண்டுகள், துளை போடும் டிரில்லின் முன்னால் குவிந்து கிடந்தன.

"உன்னாலதான் எல்லாம் தேங்குது," என்று லேத் சிடுசிடுத்தது.

மாணவர்களும், "இந்த டிரில்லைத் தூக்கிடலாம் மேடம்," என்றார்கள்.

பேராசிரியை எழில்விழி தலையசைத்து மறுத்தார். "டிரில் ஒண்ணை முடிச்சதும் லேத்துல அடுத்ததைக் கடைங்க. அதுவரைக்கும் லேத் நிக்கட்டும்."

லேத்துக்கு அவமானமாகிவிட்டது. ஆனால், நின்றதும் அதன் கொதித்த உடம்பு மெல்ல ஆறியது. ஓடிக்கொண்டே இருந்ததால் இத்தனை நாளும் எண்ணெய் காணாத இடங்களில் ஒரு மாணவி எண்ணெய் விட்டாள்.

"என்னாலதானே அண்ணே நீங்க சும்மா நிக்கிறீங்க," என்று டிரில் குன்றிப்போய்ச் சொன்னது.

லேத் கனிவாகச் சொன்னது: "நீ நல்லா இருக்கணும்பா. அவசரமே இல்ல, மெதுவாப் போடு."