சாகாத டிஸ்க்

ஐஸ் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியை யாரோ அடித்துக் கொன்று மூன்று நாளாகியிருந்தது. கேமராப் பதிவுகள் இருந்த சேர்வர் வேலை செய்யவில்லை என்று நஸ்மி முதலாளி கூப்பிட்டதால் கணினி பழுதுபார்க்கும் ஸஃப்னா கற்பிட்டிக்கு வந்தாள். வந்தபோது அவர் காவலாளி இல்ஹாமை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்.

“பதிவு எங்கடா?”

“டிஸ்க் செத்துப் போச்சு முதலாளி. என்கிட்ட வேற ஒண்டும் இல்ல!”

ஸஃப்னா டிஸ்க்கைக் கழற்றித் தன் மடிக்கணினியில் பொருத்தினாள். திரையைப் பார்த்தபடி விசைகளைத் தட்டினாள். பத்து நிமிடமாக அடி நிற்கவில்லை. இல்ஹாமின் பல்லொன்று தரையில் விழுந்தது.

“அவர விடுங்க முதலாளி,” என்றாள். “டிஸ்க் சாகல்ல. தேய்ஞ்சு போனதால புதுசா எழுத ஏலாது, பழச வாசிக்க ஏலும். எல்லாப் பதிவும் அதுக்குள்ளதான் இருக்கு.”

நஸ்மி டிஸ்க்கைப் பிடுங்கித் தரையில் போட்டார். தூளாகும்வரை கம்பியால் அடித்தார்.

“இப்ப?”

“இப்ப ஒருத்தராலயும் அத வாசிக்க ஏலாது.”

“இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

ஆட்டோவில் ஏறியதும் இல்ஹாம் அழுதார். “கொலை செஞ்சது அவன்தான். நான் கண்ணால கண்டன். இருந்த ஒரு ஆதாரத்தையும் குடுத்திட்டியே தங்கச்சி.”

“நானும் இப்பதான் பதிவில கண்டன்,” என்றாள் ஸஃப்னா, மடிக்கணினியை இறுகப் பிடித்தபடி. “பிரதி எடுத்து முடிஞ்ச பொறகுதான் வாயத் திறந்தன்.”