விளக்குக்கு எதிரே ஈரப் பெயின்ட்

ஊர்வலம் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம்தான். அலங்கார வண்டியில் யூவி என்கிற புற ஊதா விளக்குகளைப் பொருத்தி முடித்தார் லைட்காரர். போன வருஷம் வரை இந்த வேலையைச் செய்தவர் அவருடைய தங்கையின் கணவர். மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இந்த முறை வண்டியில் ஆடப்போவது தங்கையின் ஆறு வயது மகள்.

"அண்ணே, அந்த லைட்டு கண்ணைக் கெடுத்துடும்பாரு அவர்." தங்கை வண்டியின் தரைக்கு ஒளிரும் பெயின்ட் பூசிக்கொண்டே சொன்னாள்.

"நேரா பார்த்தாதாம்மா. கீழே சாய்ச்சுத்தான் வச்சிருக்கேன். உங்கண்ணன் என்ன நேத்து பொறந்தவனா?"

இருவரும் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். லைட்காரர் சுவிட்சைப் போட்டார். முதல் விளக்கு அவர் வைத்ததைவிட நன்றாகக் குனிந்து தரையைப் பார்த்தது. அதன் எதிரே, பளபளத்த ஈரப் பெயின்டில் இரண்டு முழங்கால் தடங்கள். காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

"யாரும்மா ஏறினது?"

தங்கை தடங்களின் பக்கம் குனிந்தாள். "அவர் இப்படித்தான் மண்டி போட்டு, பாப்பா உயரத்துல பார்ப்பாரு. கண்ணுல அடிக்குதான்னு. நீ எப்படிப் பார்த்தே?"

"நான் நின்னுக்கிட்டே பார்த்தேன்" என்றார் லைட்காரர், குரல் இறங்கி.

அவசரமாக அடுத்த விளக்கைத் திருப்பக் கை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருண்ணே. அவரே பார்க்கட்டும்."

இரண்டாவது விளக்குக்கு எதிரே, ஈரப் பெயின்ட் மெல்லக் குழிந்தது. கொஞ்சம் தள்ளி, இன்னொரு குழி.