அத்தை பேசிய டிஸ்க்

"அழிக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு தம்பி. ஆமான்னு தட்டினது நான்தான்" என்றார் குடும்பத் தலைவர், கூண்டில் ஏறி நின்றவரைப் போல.

கம்ப்யூட்டர் மெக்கானிக் அந்த டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அழிச்சு அழிச்சு எழுதுற வகை சார் இது. இதுல போய் முக்கியமானதை வைப்பாங்களா? உள்ளே என்ன இருந்துச்சு?"

"என் மாமியார்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க பேச்சு தம்பி. தலைமையாசிரியையா இருந்து ரிட்டயரான அன்னைக்கு மேடையில பேசினது. முழுசா ஒரு மணி நேரம். நாளைக்குக் காலையில வர்றாங்க."

மாமியார் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் மகள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் அவர் கேட்பது அந்த டிஸ்க்கைத்தான். குடும்பமே வரிசையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மனைவி மட்டும் பாதியில் காப்பி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். இருந்த ஒரே பிரதியையும் இப்போது துடைத்தாயிற்று. மாமியாரைக்கூடச் சமாளித்துவிடலாம், ஐந்தரைக்கு ஆபீசிலிருந்து வரப்போகும் மனைவியிடம் என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"பேர் எழுதி ஒட்டியிருக்கலாமே சார்?"

"ஒட்டியிருந்துச்சு. பாருங்க, பசை மட்டும் இருக்கு. அழிச்சு முடிச்சப்புறம்தான் இதுவே கண்ணுல பட்டுச்சு. என்னோட காலி டிஸ்க்குகளோட எப்படிக் கலந்துச்சுன்னு தெரியலை. என் கெட்ட நேரம்!"

மெக்கானிக் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துவிட்டு, டிஸ்க்கை உள்ளே தள்ளினார். டிரைவ் இரண்டு முறை உறுமிவிட்டு அடங்கியது. 'டிஸ்க்கைப் போடவும்' என்றது திரை.

"வாயில வெச்சுக்கிட்டே சோறு கேக்குது பாருங்க" என்றார் மெக்கானிக். "அழிக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகலை."

"அப்போ பிழைச்சீங்க. அது அவசர அழிப்பு. புத்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்ச மாதிரி. பாடமெல்லாம் அப்படியே இருக்கும். மேல வேற எதையும் எழுதலையே?"

"தொடவே இல்லை தம்பி!"

மெக்கானிக் பையிலிருந்து தன் சொந்த டிரைவை எடுத்து மாட்டினார். அரை மணி நேரம் திரையில் ஒரு கோடு நத்தையாக ஊர்ந்தது. திடீரென்று ஸ்பீக்கர் முழங்கியது.

"பாரபட்சம் என்பதே என்னிடம் கிடையாது. பெற்ற மகளையே எட்டாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில் ஆக்கியவள் நான்!"

பலத்த கைதட்டல். மாமியார் குரலைக் கேட்டு மருமகன் ஆனந்தக் கண்ணீர் வடித்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஒரே ஒரு தடவை எழுதுற டிஸ்க்குல போட்டுத் தரேன் சார். இனி நீங்களே நினைச்சாலும் அழிக்க முடியாது."

"அஞ்சு போடுங்க தம்பி! சொந்தக்காரங்களுக்கும் கொடுத்துடலாம்."

மெக்கானிக் படியிறங்கவும் மனைவி படியேறவும் சரியாக இருந்தது. குடும்பத் தலைவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அழித்த கதை, மீட்ட கதை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்து, ஐந்து டிஸ்க்குகளையும் மேஜையில் பரப்பினார்.

"இனிமே இது அழியவே அழியாதாம்!"

மனைவி தோள்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போன தடவை அம்மா கிளம்பின அன்னைக்கே, ஒட்டியிருந்த பேரைக் கிழிச்சுட்டு அதை உங்க காலி டிஸ்க்குகளுக்கு நடுவுல சொருகி வெச்சேன். மூணு மாசமாக் காத்துக்கிட்டிருந்தேங்க" என்றாள் அழாக்குறையாக. "ஆயுசுல ஒரே ஒரு தடவை உருப்படியா ஒரு தப்புப் பண்ணினீங்க. அதையும் ஆள் வெச்சுச் சரிபண்ணிட்டீங்களே!"