குவாரி வழி

ஷிப்ட் முடித்த பாண்டிச்செல்வி, வெட்டிக் கைவிட்ட செம்மண் குவாரி வழியாக ஹாஸ்டலுக்கு நடந்தாள். வெயிலில் செம்பாறைகளைத் தவிர எதுவுமில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள் வேகமாக நடந்தாள், அதுவும் வேகமெடுத்தது.

திரும்பிப் பார்க்கவே பயம். கையைத் துப்பட்டாவுக்குள் விட்டுக் காதோடு அழுத்தினாள்.

"அண்ணே, பாறைக்கு அந்தப் பக்கமா நிக்கிய? நாலு பேரும் அங்கனயே நில்லுங்க. அருவாள உள்ள வைங்கண்ணே."

காலடி நெருங்கியது. மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றவர், கம்பெனி கேட்டில் செல்போன்களை வாங்கி வைக்கும் காவலாளி சூசைராஜ்.

"போனை வாங்காமலே வந்துட்டியேம்மா. பேசினுகீறியே, முடிக்கட்டும்னு கூப்புடாம வந்தேன்."

நீட்டிய போனையும் அவள் காதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ யாராண்ட பேசின?"

வெறுங்கை காதிலிருந்து இறங்கியது.

"போனும் இல்ல, அண்ணனும் இல்ல, அண்ணாச்சி."