மேனேஜருக்கு வைத்த பாட்டு

ஒரு போனுக்குள் ஒரு பாட்டு இருந்தது. போனின் சொந்தக்காரர் பரமகுருவுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். ஒருநாள் அதன் பல்லவியை மட்டும் வெட்டியெடுத்து, மேனேஜர் கூப்பிட்டால் அடிக்கும் ரிங்டோனாக வைத்தார். அந்த நேரத்திலாவது மனசு கொஞ்சம் குளிரட்டும் என்று நினைத்தார்.

வெட்டின துண்டுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, உன்னை எப்பவாவதுதான் கேட்கிறார். என்னைத் தினமும் பத்துத் தடவை கேட்கிறார், பார்த்தியா?"

"கேட்கிறாரா, பதறுகிறாரா? நல்லாப் பாருடா" என்றது பாட்டு.

துண்டு பார்த்தது. அது வாயைத் திறந்ததுமே பரமகுருவின் முகம் இருண்டது. சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசையாய் முழுப்பாட்டையும் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். பல்லவி வந்ததுதான் தாமதம், "சார்!" என்று துள்ளி எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. போனையே வெறித்துப் பார்த்தவர், பாட்டை அழிக்கப் போனார்.

துண்டு பதறியது. "ஐயோ அண்ணே, தப்பு என்னுதுதானே! என்னை அழிக்கச் சொல்லு."

"உன்னை அழிச்சா மேனேஜர் கூப்பிடுறது தெரியாதேடா. நீ வேலைக்கு வேணும். நான் சும்மா சந்தோஷத்துக்கு இருந்தவன்தானே" என்றது பாட்டு. அதோடு அது போய்விட்டது.

மறுநாள் பஸ்ஸில் துண்டு அழுதுகொண்டே பாடியது. வெளியே அது இனிமையாகத்தான் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார். "அருமையான பாட்டு சார். முழுசா இருந்தா எனக்கும் அனுப்புங்களேன்."

"இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு, பரமகுரு போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க சார்."