இடது கைக்கு ஒரு ஷார்ட்கட்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பாளர், கம்பெனியின் கம்ப்யூட்டர் டெக்னீஷியனைப் போனில் அழைத்தார்.

"தம்பி, அகராதியைத் திறக்க நான் வச்ச ஷார்ட்கட் கீ வேலை செய்யல."

"அந்த கீயை வேற புரோகிராம் பிடிச்சுக்கிச்சு சார். கன்ட்ரோலோட வலது ஓரத்துல இருக்கிற 'பி' வச்சுக்கலாமா?"

"அவ்வளவு தூரம் எட்டாதுப்பா. இடது கைக்குள்ளயே அடங்கணும்."

டெக்னீஷியன் தயங்கினான். "தப்பா நினைக்காதீங்க சார். வலது கையில ஏதும் அடியா?"

"கை நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல தூங்குற என் மனைவி அதைப் பிடிச்சிருக்கா. நான் யாருன்னே அவளுக்கு இப்போ தெரியல. ஆனா கையை எடுத்தா முழிச்சு அழறா."

டெக்னீஷியன் தன் இடத்திலிருந்தே அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மற்ற புரோகிராமின் ஷார்ட்கட்டை நீக்கி, பழைய கீயையே திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப அழுத்திப் பாருங்க சார்" என்றான், அவள் விழித்துவிடக் கூடாதே என்பதுபோல் மெல்லிய குரலில்.