கை எட்டும் உயரம்

“கோழிக்கூட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் எதுக்குப்பா?” என்று தச்சரிடம் கேட்டார் கணவர். “உள்ளே மகாராணி உட்காரப் போறாங்களாம். ஆபீஸ்.”

கொல்லைப்புறத்தில், துணி காயப்போடும் கம்பியைத் தாண்டி, பத்தடிக்கு எட்டடியில் மரச்சட்டங்கள் எழும்பியிருந்தன. தச்சர் இரண்டு பலகைகளுக்கு நடுவே பஞ்சு அட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அது ஒன்றுதான் அவர் வேலை.

மனைவியின் வேலை காதில் இருந்தது. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு அவள் தட்டச்சு செய்து தர வேண்டும்.

போன மாதம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கணவர் டிவி செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவரின் வலது முழங்கால் இடது முழங்காலாகிவிட்டது. நல்லவேளை, கத்தி வைப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு தவறு நடந்தால் வேலை இல்லை என்று அவளுக்குக் கடிதம் வந்தது.

“வலது எது, இடது எதுன்னு தெரியாதவளுக்குத் தனி ஆபீஸ் ஒண்ணுதான் குறைச்சல்,” என்றார் கணவர்.

அவள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

“சத்தம் தாண்டாதுல்ல?”

“இடியே விழுந்தாலும் தாண்டாதும்மா,” என்றார் தச்சர்.

“இவ அப்பா கட்டின வீடு. வீடும் இவ பேர்ல, கொல்லையும் இவ பேர்ல,” என்று கணவர் தொடர்ந்தார். “ஆசைப்பட்டுட்டா, கட்டிட்டுப் போகட்டும். ரெண்டு நாள்ல புழுக்கம் தாங்காம ஓடி வருவா, பாரு.”

மூன்றாம் நாள் கதவும் மின்விசிறியும் வந்துவிட்டன. துணி மாட்டுவதற்கு ஒரு கொக்கி மட்டும் பாக்கி. தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

“கையைத் தூக்கிக் காட்டுங்கம்மா. யார் புழங்கப் போறாங்களோ, அவங்க கை எட்டற உயரத்துலதான் நான் கொக்கி அடிப்பேன். டேப் எல்லாம் அதுக்கப்புறம்தான்.”

அவள் கையைத் தூக்கவில்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு முக்காலி மேல் ஏறி, சுவரில் ஒரு கோடு போட்டாள்.

“இங்க அடிங்க.”

“ரொம்ப மேல இருக்கேம்மா. உங்களுக்கு எட்டாது.”

“பரவால்ல. அடிங்க.”

கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தன் கை எவ்வளவு நீளம்னுகூடத் தெரியல. இதுல பட்டதாரி வேற. அவ சொல்ற இடத்துலயே அடிச்சிடுப்பா. தினம் எகிறி எகிறிக் குதிக்கட்டும், உடம்பாவது இளைக்கும்.”

தச்சர் தயங்கிக்கொண்டே அடித்தார். கணவர் உள்ளே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே அதில் மாட்டிக் காட்டினார்.

“பாத்தியா? இதுக்கெல்லாம் ஆள் வேணும்.”

“சரியா இருக்கா?” என்று கேட்டாள் அவள்.

“எனக்குச் சரியாத்தான் இருக்கு. நீ என்ன பண்ணுவேங்கறதுதான் கேள்வி.”

அவள் சின்னதாகத் தலையசைத்தாள். மின்விசிறியைப் போட்டு, கீழே நின்று காற்று வருகிறதா என்று பார்த்தாள். கதவை இரண்டு முறை திறந்து மூடினாள்.

தச்சர் மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தார். “ஆள் இருக்கும்போதே சொல்லிடுங்கம்மா. உங்க மேசையைத் தூக்கிட்டு வந்து போட்டுடறோம்.”

“போடு, போடு,” என்று கணவர் முந்திக்கொண்டார். “வீட்டுக்குள்ள ஒரு தொல்லை ஒழியும்.”

“மேசை இருக்கற இடத்துலயே இருக்கட்டும்,” என்றாள் அவள். “சாரோட கட்டிலைத் தூக்கிட்டு வாங்க.”